கொச்சியில் படகிலும் மெட்ரோவிலும் அன்றாடம் வேலைக்குச் சென்று வருவது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பென்னாகரம் வட்டத்து நாகமரையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பண்ணவாடிக்குப் படகில் போய் வந்தவர்களுக்கு இந்த வழிகாட்டியின் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். மேட்டூர் அணையில் 120 அடிக்கு நீர் நிற்கும்போது படகு கரையை ஒட்டியே கிடைக்கும்; நீர் இறங்கிவிட்டால் துறை உள்ளே நகர்ந்துவிடும், வெடித்துக் கிடக்கும் வண்டல் நிலத்தில் நெடுந்தூரம் நடந்துதான் படகில் கால் வைக்க வேண்டும். என் தாய்மாமன் அந்தத் துறையில் பல ஆண்டுகள் கொளத்தூர் சந்தைக்குச் சென்று வந்தவர். நான் கொச்சிக்கு வேலைக்குக் கிளம்பிய நாளில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “தண்ணி மேல போற நேரத்தை எண்ணாதே மாப்ளே, கரையில நிக்கிற நேரத்தை எண்ணு.”

கொச்சியில் குடியிருந்த ஆண்டுகளில் வாடகைக்கு வீடு பார்த்தபோதும், வேலை மாறியபோதும், மழைக்காலத்தில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோதும் அந்தக் கணக்கே எனக்குப் பயன்பட்டது. மின்கலத்தில் ஓடும் பயணிகள் படகுச் சேவையான கொச்சி வாட்டர் மெட்ரோவைப் பற்றிக் காணொளிகளில் பார்த்துவிட்டு, படகு என்றாலே நெரிசலிலிருந்து விடுதலை என்று எண்ணி வரும் நம் பகுதி இளைஞர்கள் பலர் முதல் மாதத்திலேயே சலித்துப் போய்ப் பேருந்துக்கு மாறிவிடுகிறார்கள். படகு நல்ல வாகனம்தான். ஆனால் அது எல்லா வீட்டுக்கும் எல்லா வேலைக்கும் பொருந்தும் வாகனம் அன்று. யாருக்குப் பொருந்தும், எப்படிப் பயன்படுத்துவது, அது நின்றுபோகும் நாளில் என்ன செய்வது என்பவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: நகரத்தை நீரோடு சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள்

கொச்சி ஒரே நிலப்பரப்பில் அமைந்த நகரம் அன்று. ரயில் நிலையங்களும் பெரிய கடைவீதிகளும் உள்ள எர்ணாகுளம் கிழக்கே பெருநிலத்தில் இருக்கிறது. அதற்கு மேற்கே வேம்பநாட்டுக் காயல் என்னும் உப்பங்கழி. காயலுக்கு நடுவில் வில்லிங்டன் தீவு. அதற்கும் மேற்கே கடலை ஒட்டி ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும். வடமேற்கில் போள்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் ஆகிய தீவுகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையிலுள்ள முகத்துவாரம் வழியாகத்தான் பெரிய கப்பல்கள் துறைமுகத்துக்குள் வருகின்றன. பெரியாற்றின் கிளைகள் வடக்கிலிருந்து ஏலூர், சேரானல்லூர் வழியாக இந்தக் காயலில் வந்து கலக்கின்றன. மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த காக்கநாடு, இவை எல்லாவற்றுக்கும் எதிர்த்திசையில், நகரத்தின் கிழக்கு எல்லையில் இருக்கிறது.

நம் காவிரியும் தென்பெண்ணையும் ஒரே திசையில் ஓடுபவை. அங்கே காயல் நீர் கடலோடு சேர்ந்து நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்றாலும், பழைய படகுத்துறைகளில் காலையில் ஒரே எட்டில் ஏறிய படகிலிருந்து மாலையில் கைப்பிடித்துத் தாவி இறங்க நேரிடுவது அதனால்தான். வாட்டர் மெட்ரோ நிலையங்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே படகு அணையும் மேடையே மிதவையாக இருப்பதால், நீரோடு சேர்ந்து ஏறி இறங்கி எப்போதும் படகின் தளத்துக்குச் சமமாக நிற்கிறது. சக்கர நாற்காலியில் வருபவரும் யார் துணையும் இல்லாமல் உள்ளே போகலாம். நாகமரையில் முழங்கால் வலியோடு நிற்கும் முதியவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த நகரத்தில் மிகவும் பிடித்துப்போன ஒரே பொறியியல் வேலை அந்த மிதவை மேடைதான்.

இரண்டாம் படி: எத்தனை வகைப் படகுகள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘போட்டு’ என்று அங்கே பொதுவாகச் சொன்னாலும் அன்றாடப் பயணிக்குப் பயன்படுபவை மூன்று வகை. அவை வெவ்வேறு துறைகளிலிருந்து புறப்படுபவை. சீட்டும் வேறு, கட்டணமும் வேறு. புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஹைக்கோர்ட் – வைப்பின் தடமும் வைட்டிலா – காக்கநாடு தடமும் முதலில் ஓடத் தொடங்கின. 2024-இல் தெற்குச் சிற்றூர், ஏலூர், சேரானல்லூர்ப் பக்கத் தடங்களும், அதன்பின் ஃபோர்ட் கொச்சித் தடமும் சேர்ந்தன. முழுத் திட்டம் 78 படகுகளையும் 38 நிலையங்களையும் கொண்டது. பெரிய படகு 100 பேரை ஏற்றும்; கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் அலுமினியத்தால் கட்டப்பட்ட இரட்டை உடல் படகு அது. மின்கலத்தில் ஓடுவதால் டீசல் புகையோ இயந்திர இரைச்சலோ இல்லை. நிலையத்தில் நிற்கும் 10 முதல் 15 நிமிடங்களிலேயே மின்னேற்றம் முடிந்துவிடுகிறது. குறைந்த கட்டணம் 20 ரூபாய், அதிகபட்சம் 40 ரூபாய் என்று தொடங்கியது. வைட்டிலா – காக்கநாடு தடத்துக்கு 30 ரூபாய்.

இரண்டாவது, கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள். ஆலப்புழையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தத் துறை 1968 முதல் இயங்குகிறது. எர்ணாகுளத்தில் சுபாஷ் போஸ் பூங்காவை ஒட்டிய பழைய ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, வைப்பின் பக்கங்களுக்குப் போகும். கட்டணம் ஒரு தேநீரின் விலைக்குள் அடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகள், மீன்கூடைக்காரர்கள், அலுவலக ஊழியர்கள் என எல்லாரும் ஏறும் படகு இது. சுக்கான் பிடிப்பவரை அங்கே ‘ஸ்ராங்கு’ என்றும், கயிறு கட்டி அவிழ்ப்பவரை ‘லாஸ்கர்’ என்றும் அழைப்பார்கள். பழைய படகுகளில் ஸ்ராங்கு மணியடித்துத்தான் கீழே இயந்திரத்தருகில் இருப்பவருக்கு வேகத்தைச் சொல்வார். சுற்றுலாப் பயணிகள் வாட்டர் மெட்ரோ வரிசையில் நிற்கும்போது, விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் இந்தப் படகில் ஏறிப் போய்விடுவார்.

மூன்றாவது, ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றும் ‘ரோ ரோ’. 2018 ஏப்ரலில் தொடங்கிய இந்தச் சேவையில் முகத்துவாரத்தைக் கடக்கச் சில நிமிடங்களே ஆகும். அதே இடத்துக்குச் சாலை வழியாகப் போனால் தோப்பும்படி, எர்ணாகுளம், கோஸ்ரீ பாலங்கள் என்று நகரத்தையே சுற்ற வேண்டும். இருசக்கர வண்டியோடு வேலைக்குப் போகும் தச்சர், மின்பணியாளர், விற்பனைப் பிரதிநிதி போன்றோருக்கு இது பெரிய உதவி. கப்பல் உள்ளே வரும் நேரத்தில் ரோ ரோ காத்திருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: வீடு எடுக்கும் முன் சங்கிலிக் கணக்கைப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிக்க முடியும் என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள். ஒரு தாளில் வீட்டு வாசலிலிருந்து வேலையிடத்து நாற்காலி வரையிலான பயணத்தை, நடை, காத்திருப்பு, ஓட்டம் என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரே நிமிடத்தை எழுத வேண்டும். வாட்டர் மெட்ரோ படகின் வழக்கமான வேகம் மணிக்கு 8 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 15 கிலோமீட்டர். தடையில்லாத சாலையில் நகரப் பேருந்து இதைவிட வேகமாகப் போகும். படகு வெல்வது வேகத்தால் அன்று. அதற்குச் சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, முன்னால் வழி மறித்து நிற்கும் லாரி இல்லை. எனவே சாலையில் நெரிசல் மிகுந்த நேரத்தில், துறைக்கு அருகில் குடியிருந்து, இறங்கும் துறைக்கு அருகிலேயே வேலை பார்ப்பவருக்குத்தான் படகால் முழுப் பயன் உண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காக்கநாட்டிலுள்ள இன்ஃபோபார்க் மென்பொருள் வளாகத்தில் வேலை கிடைத்த நம் ஊர்ப் பெண் ஒருவர் திருப்பூணித்துறையில் அறை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெட்ரோ ரயில் நிலையத்துக்கு நடை 8 நிமிடம், காத்திருப்பு 4, வைட்டிலா வரை மெட்ரோ 10, அங்கிருந்து படகு நிலையத்துக்கு நடை 6, படகுக்காகக் காத்திருப்பு 10, படகு 22, காக்கநாடு துறையில் இணைப்புப் பேருந்துக்காகக் காத்திருந்து இன்ஃபோபார்க் போய்ச் சேர 15. மொத்தம் 75 நிமிடம். இதில் நீரின் மேல் கழிந்தது 22 நிமிடம் மட்டுமே. அதே திருப்பூணித்துறையிலிருந்து இரும்பனம் வழியாகச் சீபோர்ட் – ஏர்போர்ட் சாலையில் பேருந்து பிடித்தால், நெரிசலைச் சேர்த்தும் அதைவிடக் குறைந்த நேரத்தில் போய்விடலாம். அவருக்கு நான் படகைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே பெண், பேருந்தும் மெட்ரோவும் படகும் சேரும் வைட்டிலா நடமாட்ட மையத்துக்குப் (மொபிலிட்டி ஹப்) பத்து நிமிட நடைத் தொலைவில் விடுதி எடுத்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. நடை 10, காத்திருப்பு 10, படகு 22, இணைப்புப் பேருந்தோடு 15. 57 நிமிடத்தில் பயணம் முடிகிறது. அதைவிட முக்கியம், அந்த 57 நிமிடம் திங்கட்கிழமை மழையிலும் வெள்ளிக்கிழமை மாலையிலும் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. கலூர் விளையாட்டரங்கிலிருந்து பாலாரிவட்டம் வழியாக இன்ஃபோபார்க் வரை 11.2 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி நடைபெறுவதால், அந்தச் சாலையில் பேருந்து நேரத்தை நம்பி அலுவலகக் கூட்டத்துக்கு நேரம் கொடுப்பது கடினம். அந்தத் தடம் ஓடத் தொடங்கியபின் இந்தக் கணக்கை மீண்டும் போட வேண்டியிருக்கும்.

வைப்பின் தீவில் வாடகை குறைவு என்பதால் அங்கே குடியேறும் கட்டடத் தொழிலாளர்கள் பலர். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை அந்தத் தீவினர் எர்ணாகுளம் வர நீர்வழியைத்தான் நம்பியிருந்தார்கள். இப்போது பேருந்தும் உண்டு, வாட்டர் மெட்ரோவும் உண்டு. தீவின் தென்முனையில் துறைக்கு அருகில் இருப்பவருக்குப் படகு; வடக்கே ஞாறக்கல், எடவனக்காடு பக்கம் இருப்பவருக்குப் பேருந்து. பேருந்தில் ஏறும்போது அது ஹைக்கோர்ட் சந்திப்போடு நிற்குமா, நகருக்குள் போகுமா என்று கேட்டு ஏறுவது நல்லது. ஃபோர்ட் கொச்சியில் தங்கி எர்ணாகுளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கோ நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகுக்கு இணையாக வேறெதுவும் இல்லை என்பதே என் முடிவு.

நான்காம் படி: ஊரிலிருந்து வந்து இறங்குவது

தர்மபுரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் எர்ணாகுளத்துக்கு நேரடி ரயில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பெங்களூரிலிருந்து காலையில் புறப்படும் எர்ணாகுளம் இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸ் ஓசூர், தர்மபுரி, சேலம், ஈரோடு, கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக மாலையில் எர்ணாகுளம் ஜங்ஷனைச் சேர்கிறது. கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் இல்லாததால், அங்குள்ளவர்கள் தர்மபுரிக்கோ ஓசூருக்கோ வந்து ஏறலாம். அல்லது பேருந்தில் சேலம் வந்து இரவு ரயிலைப் பிடிக்கலாம். சாலை வழியாக வந்தால் சேலத்தில் தொடங்கும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நேரே கொச்சியில் கொண்டுவந்து விடும்.

எர்ணாகுளம் ஜங்ஷனை அங்கே ‘சவுத்’ என்றும், எர்ணாகுளம் டவுனை ‘நார்த்’ என்றும்தான் சொல்வார்கள். சவுத் நிலையத்தை ஒட்டியே எர்ணாகுளம் சவுத் என்ற மெட்ரோ நிலையம் இருக்கிறது. நார்த் நிலையத்துக்கு அருகில் டவுன் ஹால் மெட்ரோ நிலையம். பெட்டி படுக்கையோடு வரும் முதல் நாளில் படகை முயல வேண்டாம். மெட்ரோவிலோ ஆட்டோவிலோ நேரே அறைக்குப் போய்ச் சேருங்கள். ஆட்டோவுக்குக் குறைந்த கட்டணம் 2022 மே முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. மீட்டர் போடச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

நம் ஊர்ப் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. கேரளத்துக்கு அந்த வழக்கத்தோடு வந்து இறங்கி, நடத்துநர் முன் சங்கடப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பேருந்தின் குறைந்த கட்டணம் 2022 மே முதல் 10 ரூபாய். மாதச் செலவைக் கணக்கிடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வெள்ளோட்டம் பாருங்கள்

வேலையில் சேரும் நாளுக்கு முன் ஒருமுறை முழுப் பயணத்தையும் போய்வந்து பாருங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்று மெட்ரோ தாமதமாகத் தொடங்கும், பேருந்துகள் குறைவாக ஓடும், வாட்டர் மெட்ரோவின் ஃபோர்ட் கொச்சித் தடத்தில் சுற்றுலாக் கூட்டம் வரிசை கட்டி நிற்கும். ஆக, அன்று நீங்கள் பார்க்கும் நேரத்துக்கும் வேலை நாளின் நேரத்துக்கும் தொடர்பே இருக்காது. ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை காலையில், உண்மையாகப் போக வேண்டிய நேரத்திலேயே கிளம்புங்கள். ஒவ்வோர் இடத்திலும் கைபேசியில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் திரும்பும்போதும் அவ்வாறே செய்யுங்கள்; காலையும் மாலையும் ஒன்றாக இருப்பதில்லை.

துறையில் ஒட்டப்பட்டுள்ள நேர அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் அன்றைக்கே முடிக்க வேண்டிய வேலை. படகுகளின் நேரம் அவ்வப்போது மாறும் என்பதால், யாரோ ஓராண்டுக்கு முன் சொன்ன நேரத்தை நம்பக் கூடாது. காக்கநாடு போன்ற அலுவலகத் தடங்களில் காலை, மாலை வேளைகளை ஒட்டியே படகுகள் நெருக்கமாக இருக்கும். நடுப்பகலில் இடைவெளி நீளும். அரைநாள் விடுப்பு எடுத்து மதியம் கிளம்புபவர் அன்று பேருந்தை நம்புவதே மேல்.

நான்கு மலையாளச் சொற்றொடர்கள் போதும். “போட்டு எப்போழா?” என்றால் படகு எப்போது என்று பொருள். “லாஸ்ட் போட்டு எத்ர மணிக்கா?” என்பது கடைசிப் படகின் நேரம். “டிக்கெட் எவிடெ கிட்டும்?” என்பதை விளக்க வேண்டியதில்லை. பேருந்தில் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிறுத்தம் வந்துவிட்டால், “ஆள் இறங்ஙான் உண்டு” என்று உரக்கச் சொல்லுங்கள், வழி கிடைக்கும். தனியார் பேருந்துகளின் பலகைகள் பெரும்பாலும் மலையாளத்தில் இருப்பதால், உங்கள் ஊர்ப்பெயர் ஒன்றையாவது அந்த எழுத்தில் அடையாளம் காணப் பழகுங்கள். தமிழில் கேட்டாலும் அங்குள்ளவர்கள் புரிந்துகொண்டு வழி சொல்வார்கள். அந்த விஷயத்தில் எனக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை.

ஆறாம் படி: சீட்டும் மாதச் செலவும்

மெட்ரோவுக்கும் வாட்டர் மெட்ரோவுக்கும் ‘கொச்சி ஒன்’ அட்டையைப் பயன்படுத்தலாம். கைபேசியில் கியூஆர் சீட்டும் எடுக்கலாம். அன்றாடப் பயணி அட்டையோ பயணப் பாஸோ வைத்திருப்பதே நல்லது. சீட்டு வரிசையில் கழியும் ஐந்து நிமிடத்தில் ஒரு படகு போய்விட்டால், உண்மையில் நீங்கள் இழப்பது அடுத்த படகு வரையிலான முழு இடைவெளி. வாட்டர் மெட்ரோவில் நிர்ணயித்த எண்ணிக்கை நிறைந்ததும் நுழைவுக் கதவு மேற்கொண்டு ஆளை விடாது. ஓடி வந்து தொற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகுக்குச் சில்லறைக் காசு வைத்திருங்கள்.

செலவைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். மெட்ரோவுக்கு 20, படகுக்கு 30, இணைப்புப் பேருந்துக்கு 20 என்று கொண்டால் ஒருவழிக்கு 70 ரூபாய். மாதம் 25 வேலை நாளுக்கு 3,500 ரூபாய். சாதாரணப் பேருந்திலேயே போய்வந்தால் இதில் பாதிகூட ஆகாது. தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு இது பெரிய வேறுபாடு. வாட்டர் மெட்ரோ தொடங்கியபோது 50 பயணங்களுக்கு 600 ரூபாய் என்று மாதப் பாஸ் அறிவிக்கப்பட்டது. ஒரு பயணம் 12 ரூபாய்க்கு வரும் அந்தக் கணக்கு, பேருந்துக் கட்டணத்தை நெருங்கிவிடுகிறது. எனவே துறைக்கு நடந்து போகும் தொலைவில் தங்கி, பாஸ் எடுத்துப் பயணம் செய்தால் மட்டுமே படகு ஏழைக்குக் கட்டுபடியாகும். நீங்கள் சேரும் மாதத்தில் பாஸின் விலை என்ன என்பதை நிலையத்திலேயே கேட்டு, அறை வாடகையில் மிச்சமாகும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துறைக்கு அருகில் 500 ரூபாய் கூடுதல் வாடகை கொடுத்தாலும் மெட்ரோச் செலவு மிச்சமாவதால் லாபமாகவே முடிவதை நான் கண்டிருக்கிறேன்.

ஏழாம் படி: மழை, ஆகாயத்தாமரை, கடைசிப் படகு

நம் மாவட்டங்களில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஆயிரம் மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. கொச்சியில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில். படகின் உள்ளே நனைய மாட்டீர்கள். வீட்டிலிருந்து துறைக்கு நடக்கும்போதும், துறையிலிருந்து பேருந்துக்கு ஓடும்போதும்தான் நனைவீர்கள். மடக்குக் குடை அந்த மழைக்குத் தாங்காது. பெரிய குடையும், தோல் அல்லாத காலணியும், மாற்றுக் காலுறை ஒன்றும், கைபேசிக்கு நெகிழி உறையும் பையில் எப்போதும் இருக்கட்டும். காற்றும் மழையும் கடுமையாகும்போது படகைச் சற்று நேரம் நிறுத்திவைப்பார்கள். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை விதிப்பதை ஏற்றுக்கொள்வது போலவே இதையும் ஏற்றுக்கொண்டு, மாற்று வழியைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பருவமழைக்குப் பின் காயலில் உப்புத்தன்மை குறைந்திருக்கும் மாதங்களில் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வரும். துறையை மூடிக்கொள்ளும்; படகின் சுழல்விசிறியில் சிக்கும்; அன்று பத்து நிமிடப் பயணம் இருபது நிமிடமாகும். கோடையில் உப்புநீர் ஏறும்போது அது மடிந்துபோகும். இதைச் சொல்வதற்குக் காரணம், அக்டோபர், நவம்பரில் வேலைக்குச் சேர்பவர் படகு எப்போதுமே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

என் மோசமான அனுபவம் கடைசிப் படகைப் பற்றியது. ஃபோர்ட் கொச்சியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு ஜெட்டிக்கு வந்தபோது, கடைசிப் படகு என்று ஒருவர் எனக்குச் சொல்லியிருந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் மீதியிருந்தது. ஆனால் படகு போய்விட்டிருந்தது. அவர் சொன்னது பழைய நேரம். தோப்பும்படி வழியாகப் பேருந்து மாறி எர்ணாகுளம் வந்து சேர்ந்தபோது அறைக்குப் போகும் கடைசி மெட்ரோவும் போய்விட, ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் ஒருவாரப் பயணச் செலவுக்குச் சமமாக இருந்தது. அன்றிலிருந்து கடைசிப் படகுக்கு முந்திய படகையே என் கடைசிப் படகாக வைத்துக்கொண்டேன். இரவுப் பணி உள்ளவர்கள் படகை நம்பி வீடு எடுக்கவே வேண்டாம்.

மாற்று வழியையும் முன்பே எழுதி வையுங்கள். வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்குப் பேருந்து எந்த நிறுத்தத்தில் கிடைக்கும், ஹைக்கோர்ட் துறை மூடியிருந்தால் வைப்பினுக்கு எந்தப் பேருந்து போகும், ஃபோர்ட் கொச்சியிலிருந்து தோப்பும்படி வழி எப்படி என்பவை உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ஹர்த்தால் (முழு அடைப்பு) நாளில் பேருந்துகள் நின்றுவிடும். மெட்ரோ பெரும்பாலும் ஓடும். அப்படிப்பட்ட நாளில் மெட்ரோ தடத்தை ஒட்டி இருக்கும் நண்பர் ஒருவரின் அறை பெரிய துணை.

எட்டாம் படி: நீரில் இருக்கும்போது

இதைக் கடைசியில் சொல்வதால் முக்கியம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். 2015 ஆகஸ்ட் 26 அன்று வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் படகில் மீன்பிடிப் படகு ஒன்று மோதியதில் 11 பேர் உயிரிழந்தனர். கரை கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. 2023 மே மாதம் மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். நம் பகுதியில் நீச்சல் தெரியாதவர்களே அதிகம். கிணற்றில் பழகியவருக்கும் ஓட்டமுள்ள காயலில் அது போதாது.

படகில் ஏறியதும் உயிர்காப்பு மேலாடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பழைய படகுகளில் சில நேரம் அது கூரையை ஒட்டிக் கட்டப்பட்டிருக்கும். எட்டி எடுக்க முடியுமா என்று ஒருமுறை கையை நீட்டிப் பாருங்கள். படகு கரையில் அணையும்போது எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பார்கள். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். கயிறு கட்டி முடித்தபின் இறங்கினால் போதும். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். படகில் கூட்டம் மிஞ்சியிருப்பதாகத் தோன்றினால் இறங்கி அடுத்ததில் வாருங்கள். இருபது நிமிடத் தாமதத்துக்கு மேலாளரிடம் சொல்லக் காரணம் உண்டு. சிறு நாட்டுப்படகில் யாராவது கூப்பிட்டால், மேலாடை தருகிறாரா என்று கேட்டுவிட்டே காலை வையுங்கள்.

ஊருக்குத் திரும்பும் நாள்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திரும்புவோர் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. இன்டர்சிட்டி எர்ணாகுளம் சவுத்திலிருந்து காலையில் புறப்படுகிறது. வைட்டிலா, ஆலுவா பக்கம் தங்கியிருப்பவர்கள் மெட்ரோவில் நேரே சவுத் நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். வைப்பினிலோ ஃபோர்ட் கொச்சியிலோ இருப்பவர்கள் அன்று ஒருநாள் மட்டும் முதல் படகை நம்பாமல், பெட்டியோடு பேருந்தில் வந்துவிடுவது நல்லது. வைப்பினிலிருந்து கோஸ்ரீ பாலம் வழி, ஃபோர்ட் கொச்சியிலிருந்து தோப்பும்படி வழி. ரயில் புறப்படுவதற்கு ஒருமணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கும்படி கிளம்புங்கள். நிலையத்துக்கு எதிரே நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொள்ள நேரம் இருக்கும். மாலையில் தர்மபுரி நிலையத்தில் இறங்கியதும் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் போக நகரப் பேருந்து நிலையம்வரை போக வேண்டும்.